தொடக்க வகுப்பில் வாசிப்பும் எழுத்தும்: கல்வராயன் மலையை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

முன்னுரை

பேச்சு குழந்தைக்குத் தாய்மடியில் தானே வாய்ப்பது. எழுத்து அவ்வாறு வாய்ப்பதன்று. ஒருவர் கற்பிக்க மற்றொருவர் கற்றாலன்றி அது கைகூடாது. எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்கு இரு கண்களாகக் கொண்டது வள்ளுவம். அக்கண்களைத் திறந்துவைக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்தார்க்கு உரியதன்று. முதல் வகுப்பு ஆசிரியருக்கே உரியது. ஆயினும் நம் கல்விச் சிந்தனையில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அம்முதல் வகுப்பே எனின் மிகையாகாது.

இலக்கியம் பயிலும் மாணவர்களும் அவர்களுக்குப் பயிற்றுவிக்கும் பேராசிரியர்களும் தொடக்கப்பள்ளியைத் தம் புலத்திற்கு அப்பாற்பட்டதாகக் கருதுதல் பொருந்தாது. தமிழ் எழுத்தின் அமைப்பு, ஒலிப்பு, பேச்சுவழக்கு ஆகியவற்றைத் துறைபோகக் கற்றவர் தமிழ்த்துறையினரே. அவ்வறிவு முதலில் பயன்பட வேண்டிய இடம் ஐந்து வயதுக் குழந்தையின் பலகை. இக்கருத்தை உளங்கொண்டு, கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையின் தொடக்கப்பள்ளிகளை முன்னிறுத்தி, எழுத்தும் வாசிப்பும் கற்பித்தல் பற்றிச் சில எண்ணங்களை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை, வடக்கே சின்னக் கல்வராயன் என்றும் தெற்கே பெரிய கல்வராயன் என்றும் வழங்கப்பெறும். இதன் ஒரு பகுதி சேலம் மாவட்டத்திலும், மற்றொரு பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கும். பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலை, கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம். மலையடிவாரத்தில் கோமுகி அணையும் மணிமுக்தா அணையும் அமைந்துள்ளன.

இம்மலையில் வாழ்வோருட் பெரும்பான்மையர் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் அப்பெயர் வழங்குகிறது; கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினருள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவோர் இவர்களே. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது மலை ஆகியவற்றிலும் இவர்கள் வாழ்கின்றனர். இவர்களின் தாய்மொழி தமிழே. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி முதலியன இவர்தம் விளைபொருள்கள். கடுக்காய், தேன், புளி முதலியன காடு தரும் பொருள்கள்.

அக்கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடு. பழங்குடியினரின் எழுத்தறிவோ 54 விழுக்காட்டளவே. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட தொலைவே மலைப்பள்ளி ஆசிரியர் கடக்க வேண்டிய தொலைவு.

எழுத்தறியாமையின் விலை

கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் தொடர்ந்த அவ்வாட்சி 1976-ஆம் ஆண்டில்தான் முடிவுற்று, மலை அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. அதன்பின்னரே நிலத்திற்குப் பட்டா, சாதிச் சான்று, குடும்ப அட்டை என ஒவ்வோர் உரிமையும் தாளின் வடிவில் மலையேறத் தொடங்கிற்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தலைமுறை தலைமுறையாகக் காட்டு நிலத்தில் பயிர்செய்து வாழ்ந்தவர்க்கு உரிமை அளிக்கிறது. ஆயின் அவ்வுரிமையைப் பெறக் கோரிக்கைப் படிவம் எழுத வேண்டும். சான்றுகள் இணைக்க வேண்டும். கிராம சபையின் தீர்மானத்தைப் படித்தறிய வேண்டும். படிக்கத் தெரியாதவர் இவை அனைத்திற்கும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறார். கைந்நாட்டு வைப்பவர் எதற்கு இசைவளிக்கிறார் என்பதைத் தாமே அறிய இயலாத நிலை கொடிது.

2024-ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதனையடுத்துச் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி, பிழைப்புக்கான தொழில் ஆகியன அவ்வழியே நாட்டின் கவனத்திற்கு வந்தன. மலையின் இளையோர்க்குத் தீய தொழிலன்றி வேறு வழிகள் திறக்க வேண்டுமெனின், அவ்வழிகளின் முதற்கதவு படிப்பறிவே. ஐந்தாம் வகுப்பை முடித்தும் ஒரு பத்தியைத் தானே படிக்க இயலாத சிறுவன், ஆறாம் வகுப்பில் வரலாற்றையோ அறிவியலையோ எங்ஙனம் கற்பான்? அவன் பள்ளியை விட்டு நீங்குவதாக நாம் சொல்கிறோம். உண்மையில் பாடநூல் அவனை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

தமிழ் எழுத்தின் அமைப்பு

தமிழ் எழுத்துகள் 247 என்று குழந்தைக்கு முதலில் சொல்லுதல் அச்சுறுத்தலே அன்றி அறிமுகமாகாது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் என்னும் இக்கணக்கு இலக்கணத்திற்கு உரியது. கற்றலின் கணக்கு வேறு. பன்னிரண்டு உயிர் வடிவங்கள், பதினெட்டு மெய் வடிவங்கள், புள்ளி, துணைக்கால், மேல்விலங்கு, கொம்பு முதலிய சில குறிகள் ஆகியவற்றை அறிந்த குழந்தை, உயிர்மெய்களுள் மிகப் பலவற்றைத் தானே அமைத்துக்கொள்ளும். ககர வரிசையில் துணைக்காலின் பயனை உணர்ந்த குழந்தைக்கு மகர வரிசையில் அதனை மீண்டும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இவ்வொழுங்கிற்கு இடையூறாக இருந்த சில வடிவங்கள் 1978-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் நீங்கின. பெரியார் நெடுங்காலம் வலியுறுத்தி வந்தது அது. ணா, றா, னா ஆகியவற்றோடு அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும், ணை, லை, ளை, னை என்பனவும் ஆகப் பதின்மூன்று எழுத்துகள் பொதுவிதிக்கு உட்பட்டன. அச்சுத்தொழிலுக்கு மட்டுமன்றி, முதல் வகுப்புக் குழந்தைக்கும் அது பேருதவியாயிற்று.

எஞ்சிய இடர்ப்பாடுகள் இரண்டு. அவற்றை ஆசிரியர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, உகர ஊகார வரிசை. இங்கே தனிக்குறி இல்லை. எழுத்தின் உருவமே மாறுகிறது. எனினும் பதினெட்டு உகர உயிர்மெய்களையும் உற்று நோக்கின் அவை மூன்று குடும்பங்களாய் அமைதல் புலப்படும். கு, டு, மு, ரு, ழு, ளு என்பன ஒரு குடும்பம். இவற்றில் கோடு வளைந்து திரும்பும். ஙு, சு, பு, யு, வு என்பன மற்றொரு குடும்பம். இவற்றில் கோடு நேரே கீழிறங்கும். ஞு, ணு, து, நு, லு, று, னு என்பன மூன்றாம் குடும்பம். இவற்றில் கோடு அடியில் சென்று மேலேறும். பதினெட்டையும் நெடுங்கணக்கு வரிசையிலேயே ஒப்பித்தால் இவ்வொற்றுமை குழந்தையின் கண்ணுக்குத் தெரியாது. குடும்பம் குடும்பமாகக் காட்டினால் ஓரிரு நாளில் விளங்கும். ஊகாரத்தில் கூ, சூ ஆகிய இரண்டும் தம் குடும்பத்தோடு ஒட்டாதன. அவற்றைத் தனியே கற்பித்தல் வேண்டும்.

இரண்டாவது, கொம்பு வரும் எழுத்துகள். கெ, கே, கை ஆகியவற்றில் கண் முதலில் காண்பது உயிரின் குறி. வாய் முதலில் ஒலிப்பதோ மெய். கொ, கோ ஆகியவற்றில் உயிரின் குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகப் படித்துவரும் குழந்தை இங்கே தடுமாறுதல் இயல்பே. குறியையும் மெய்யையும் ஓருருவாகக் காணும் பழக்கம் வரும்வரை இவற்றைத் தனி அட்டைகளில் எழுதிக் காட்டுதல் நலம். கௌ என்பதைக் கெள என்று படிக்கும் மயக்கமும் இவ்வகையினதே.

வீட்டுத்தமிழும் ஏட்டுத்தமிழும்

மலைக்குழந்தையின் வாய்மொழி தமிழ். பாடநூலின் மொழியும் தமிழ். ஆயினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு மலைக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாடு முழுமைக்கும் பொது. எனினும் வீட்டில் நூலோ நாளிதழோ காணாத முதல் தலைமுறைக் குழந்தைக்கு ஏட்டுத்தமிழ் பள்ளி வாயிலில்தான் முதன்முதலாகக் காதில் விழுகிறது. மலையின் பேச்சில் வழங்கும் தனிச்சொற்களும் ஒலிப்புகளும் இத்தொலைவை மேலும் மிகுவிக்கின்றன.

குழந்தை எழுதும் பிழைகளை ஆராய்ந்தால் இவ்வுண்மை விளங்கும். மழை என எழுத வேண்டிய இடத்தில் மழ என்றும், இலை என்பதை எல என்றும், உடம்பு என்பதை ஒடம்பு என்றும் குழந்தை எழுதும். பேச்சில் சொல்லிறுதி ஐகாரம் அகரமாகக் குறுகுகிறது. சொன்முதல் இகரமும் உகரமும் சிலவிடத்து எகரமும் ஒகரமும் ஆகின்றன. மரம் என்பதன் இறுதி மகரம் பேச்சில் மூக்கொலியாகக் கரைந்துவிடுதலின் குழந்தை மர என்றே எழுதி நிறுத்தும். குழந்தை தான் கேட்டதைத் தவறின்றி எழுதியிருக்கிறது என்பதை ஆசிரியர் உணர்தல் வேண்டும். ஒலியைப் பிரித்தறிந்து அதற்குரிய எழுத்தைத் தேர்ந்த அச்செயல் எழுத்தறிவின் பெரும்படி. அதனைச் சிவப்பு மையால் அடித்தொதுக்குதல், முளைத்த பயிரைக் களையெனப் பிடுங்குதலை ஒக்கும். "நீ சொல்வது மழ, நூலில் எழுதுவது மழை" என்று இரண்டையும் அருகருகே நிறுத்திக் காட்டினால் குழந்தை இரண்டையும் கொள்ளும், தன் வீட்டுப் பேச்சை இழிவாகவும் கருதாது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்னும் நெறிக்குத் தமிழ் முசுலிம்களின் வரலாற்றிலும் ஒரு சான்றுண்டு. ஓதற்பள்ளியில் அரபு எழுத்தை முன்னரே கற்றிருந்தோர், குறிப்பாகப் பெண்டிர், அவ்வெழுத்திலேயே தமிழை எழுதியும் படித்தும் வந்தனர். அரபுத்தமிழ் நூல்கள் பலவும் அவ்வாறு இல்லந்தோறும் பயிலப்பட்டன. அறிந்த எழுத்தைக் கொண்டு தாய்மொழியில் வாசிப்பை எய்தியது அம்முறை. மலைக்குழந்தைக்கு அறிந்த எழுத்து இல்லை. ஆனால் அறிந்த சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றைக் கொண்டே அக்குழந்தைக்கு வழிகாண வேண்டும்.

கற்பித்தல் முறைகளின் வரலாறு

தமிழகத்தில் எழுத்தறிவித்தல் நேற்றுத் தோன்றியதன்று. சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822-இல் ஆணையிட்டுத் திரட்டி 1826-இல் வெளியிட்ட கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றுள் பல திண்ணைப் பள்ளிகளே. மணலில் விரலால் எழுதிப் பழகுதலும், மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாய் நின்று இளையவர்க்குக் கற்பித்தலும் அப்பள்ளிகளின் இயல்பு. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற மைந்தர்க்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் இல்லத்தில் கையாண்டார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது 'மதராசு முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணையில் விளைந்ததைப் பிறநாடு கொண்டு சென்றதற்கு இஃது ஒரு சான்று. திண்ணைப் பள்ளியின் குறையையும் மறைத்தல் கூடாது. பொருள் விளங்காமல் நெட்டுருச் செய்தல் அங்கே மிகுதி; எல்லாக் குழந்தைகளுக்கும் அதன் வாயில் திறந்திருக்கவுமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு சிந்தனை எழுந்தது. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆசுட்டன் வார்னர், குழந்தை தன் நெஞ்சிலிருந்து சொல்லும் சொல்லையே அதன் முதற்பாடமாக அட்டையில் எழுதிக் கொடுத்தார். தம் பட்டறிவை 1963-இல் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரேசில் நாட்டு அங்கிக்கோசு என்னுமூரில் பாவுலோ பிரையரே, உழைப்பாளிகளின் வாழ்விலிருந்து எடுத்த சொற்களைக் கொண்டு ஏறத்தாழ 300 பேர்க்கு எழுத்தறிவித்தார். இச்சிந்தனையின் தமிழ் வடிவமே 1990-களில் எழுந்த அறிவொளி இயக்கம். 1991-இல் தொடங்கிய புதுக்கோட்டை மாவட்ட இயக்கம் நாடறிந்தது. அதன் முதற்பாடம் அகரத்தில் தொடங்கவில்லை. பட்டா, படி என்னும் சொற்களில் தொடங்கியது. நிலமற்றவர்க்குப் பட்டாவை விடப் பொருளுள்ள சொல் எது?

பள்ளிக்குள் நிகழ்ந்த பெருமாற்றம் செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவாக்கப்பட்ட அட்டைமுறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம். பி. விசயகுமார் ஆணையராக இருந்தபொழுது அது தொடங்கப்பெற்றது. 2007-08 கல்வியாண்டில் மாநிலமெங்கும் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டது. ஏணிப்படியில் தான் நிற்கும் இடத்தை ஒவ்வொரு குழந்தையும் தானே அறிந்து மேலேறியது. கரும்பலகை குழந்தையின் உயரத்திற்குக் கீழிறங்கியது. ஆசிரியரும் பாயில் அமர்ந்தார்.

பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் முதல் இரு வகுப்புகளைப் பள்ளியே காணாது கடந்த குழந்தைகள் பலர். அவ்விழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே தொடங்கப்பெற்றது. 2022 சூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல்நிலைக்கேற்பப் பயிற்சிநூல் வகுக்கப்பட்டமை இதன் சிறப்பு. மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருப்பதாலேயே ஒரு குழந்தை மூன்றாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கவல்லது என்று கொள்ளாமல், அது நிற்கும் நிலையிலிருந்து தொடங்குதல் இத்திட்டம் ஏற்ற நெறி.

ஐந்து வகுப்பும் இரண்டு ஆசிரியரும்

2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், அறுபது குழந்தைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என வரையறுக்கிறது. சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலையில் முப்பது, நாற்பது குழந்தைகளைக் கொண்ட பள்ளியே பொதுவாக அமையக்கூடியது. ஆகவே ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர் என்பதே சட்டம் முழுமையாக நிறைவேறினாலும் எஞ்சும் நிலை. ஒருவர் பயிற்சிக்கோ அலுவற் பணிக்கோ மலையிறங்கினால் மற்றவர் ஒருவரே ஐந்து வகுப்புக்கும் ஆசிரியர். பிழைப்பு நாடிப் பெற்றோர் வெளியூர் செல்லும் பருவத்தில் உடன்செல்லும் குழந்தைகள் வாரக்கணக்கில் பள்ளிக்கு வாராமையும் உண்டு.

இந்நிலையில், ஒரே வகுப்பினர் ஒரே நாளில் ஒரே பாடத்தைக் கற்பர் என்னும் எண்ணம் மலைப்பள்ளிக்குப் பொருந்தாது. அட்டைமுறையும் நிலைவாரிப் பயிற்சியும் இங்கேதான் முழுப்பொருள் பெறுகின்றன. ஒரு திங்கள் கழித்துத் திரும்பும் குழந்தை தான் விட்ட படியிலிருந்து தொடரலாம். நான்காம் வகுப்புச் சிறுமி முதல் வகுப்புத் தம்பிக்கு வாசித்துக் காட்டலாம். அவ்வாறு வாசிப்பது அவளுக்கும் பயிற்சி. திண்ணைப் பள்ளியின் நற்கூறு இவ்வாறு மீள்கிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அட்டையைக் கையில் கொடுத்து அகல்வது கற்பித்தலாகாது. முதல்முறை ஓர் எழுத்தை அறிமுகம் செய்யும் பொழுது ஆசிரியரின் குரலும் விரலும் குழந்தையின் அருகே இருந்தாக வேண்டும். நாள்தோறும் ஒவ்வொரு சிறு குழுவோடும் ஆசிரியர் பதினைந்து நிமிடமேனும் அமர்ந்திருத்தல் வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கன

முதலாவது, சொல்லிலிருந்து எழுத்துக்குச் செல்லுதல். எழுத எளிய கோடுகளையுடைய ட, ப, ம போன்றவற்றில் தொடங்குதல் நன்று. நாலைந்து எழுத்துகள் அமைந்ததுமே படம், பட்டம், மரம், கல், பல் எனப் பொருளுள்ள சொற்கள் பிறக்கும். முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைத் தானே படித்த குழந்தை மறுநாளும் பள்ளிக்கு விரும்பி வரும். நெடுங்கணக்கு வரிசை பின்னர் வந்தால் போதும்.

இரண்டாவது, வரிசையை மலைக்கு ஏற்ப அமைத்தல். ஐகாரம் நெடுங்கணக்கில் ஒன்பதாம் உயிர். ஆதலின் அதன் குறி பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில் வரும். கல்வராயன் குழந்தையின் உலகமோ ஐகாரத்தால் நிறைந்தது: மலை, மழை, இலை, தினை, சாமை. ஐகாரக் கொம்பை முன்கூட்டியே கற்பித்தால் இச்சொற்கள் யாவும் குழந்தையின் கைவசமாகும். பேச்சில் அகரமாய்க் குறுகும் ஈறு ஏட்டில் ஐகாரமாய் நிற்றலையும் உடன் கற்பித்துவிடலாம். அவ்வாறே உகர வரிசையில் டு என்பதை முதலில் எடுத்துக்கொண்டால் காடு, மாடு, ஆடு, வீடு, ஓடு ஆகியன ஒருங்கே வசப்படும்.

மூன்றாவது, குழந்தை சொல்ல ஆசிரியர் எழுதுதல். காலையில் வகுப்பு கூடியதும் ஒரு குழந்தை நேற்று நடந்த ஒன்றைச் சொல்லட்டும். அதனை ஆசிரியர் இரண்டு மூன்று தொடராகப் பெரிய எழுத்தில் எழுதட்டும். எல்லோரும் சேர்ந்து படித்தபின், சொன்ன குழந்தையே தனித்துப் படிக்கட்டும். தான் சொன்னது எழுத்தாகி நிலைக்கும் வியப்பை ஒருமுறை உணர்ந்த குழந்தைக்கு எழுத்தின் பயனை விளக்க வேண்டுவதில்லை. ஆண்டு முடிவில் அத்தாள்களைத் தைத்தால் அவ்வூரின் முதல் வாசிப்பு நூல் உருவாகும்.

நான்காவது, ஊரின் முதியோரைப் பள்ளிக்கு அழைத்தல். கதையும் விடுகதையும் பாட்டும் அவர்களிடம் நிறைய உண்டு. எழுத்தறியாத பாட்டி சொல்லும் கதையை ஐந்தாம் வகுப்புப் பேரன் எழுதி எடுப்பானாயின், அங்கே இரு தலைமுறையும் கற்கின்றன.

ஐந்தாவது, எழுதுதல் என்பது பார்த்தெழுதுதல் மட்டும் அன்று எனத் தெளிதல். கரும்பலகையிலுள்ள தொடரைப் பத்துமுறை படியெடுத்த குழந்தையின் கை பழகியிருக்கும், கருத்துப் பழகியிராது. தன் பெயர், தன் ஊர், தன் வீட்டார் பெயர், கடைக்குச் செல்லும் பொருட்பட்டியல், வெளியூரிலுள்ள தந்தைக்கு ஒரு மடல் என வாழ்வில் பயன்படும் எழுத்தைத் தொடக்கத்திலிருந்தே எழுதுவித்தல் வேண்டும்.

வாசிப்பா, மனப்பாடமா?

வகுப்பே சேர்ந்து உரக்கப் படிக்கும் ஓசை, பார்வையிட வருவோர்க்கு நிறைவளிக்கும். அவ்வோசையுள் படிக்கத் தெரியாத குழந்தையின் குரலும் கலந்து மறைந்துவிடுகிறது. பாட்டை முழுதும் ஒப்பிக்கும் குழந்தையிடம் அப்பாட்டின் நடுவிலுள்ள ஒரு சொல்லை விரல்வைத்துக் காட்டிக் கேட்டால், அது முதலடியிலிருந்து சொல்லிவரத் தொடங்கும். அது நினைவாற்றல், வாசிப்பன்று.

எளிய தேர்வு ஒன்று போதும். கற்ற எழுத்துகளால் ஆன, ஆனால் பாடநூலில் வாராத நான்கு சொற்களை அட்டையில் எழுதிக் குழந்தையிடம் தனியே காட்டுக. படிக்கிறதா? படித்ததன் பொருளைச் சொல்கிறதா? இவ்விரு வினாவுக்கும் விடை கிடைத்தால் அக்குழந்தை நிற்கும் படி விளங்கும். மதிப்பெண்ணுக்காக அன்றி, மறுநாள் கற்பிக்க வேண்டியதை அறிவதற்காகவே இத்தேர்வு. இதனை அச்சமின்றி நிகழ்த்துதல் ஆசிரியரின் பண்பைப் பொறுத்தது. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்கியது நன்னூல். நிலத்தின் பொறுமையும் நிறைகோலின் நடுநிலையும் பெரிதும் வேண்டப்படுவது முதல் வகுப்பிலேயாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், கல்வராயன் மலைக்குழந்தையின் படிப்புத் தடைக்கு அறிவுக்குறை காரணமன்று என்பது தெளிவாகும். எழுத்தமைப்பின் நுட்பம் அறியாத கற்பிப்பும், வீட்டுத்தமிழைப் பிழையெனத் தள்ளும் போக்கும், ஐந்து வகுப்பை ஒரே அறையில் நடத்தும் நெருக்கடியும், இடைவிட்ட வருகையும் சேர்ந்தே அத்தடையாகின்றன. இவற்றுள் சில அரசின் கையில் உள்ளன. ஆசிரியர் பணியிடம், சாலை, பெற்றோரின் பிழைப்பு ஆகியன அத்தகையன. ஏனைய நம் கையில் உள்ளன.

தமிழ் பயிலும் மாணவர்களுள் பலர் நாளை ஆசிரியராவர். அவர்களுள் ஒருசிலரேனும் மலைப்பள்ளிக்குச் செல்வர். தொல்காப்பியத்து எழுத்ததிகாரமும் மொழியியலும் அங்கே கையோடு கொண்டுசெல்லத்தக்க கருவிகள். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கட்டடத்திற்கு ஈவது அறமே. அதனோடு, தொடக்கப்பள்ளிக்கு ஐம்பது சிறு கதைநூல்கள் ஈவதும், அங்கே மாலையில் வாசித்துக்காட்ட ஓர் இளைஞரை அனுப்புவதும் அறமே. மலை என்னும் சொல்லைத் தானே எழுதிப் படிக்கும் குழந்தை, நாளை அம்மலையின் பட்டாவையும் தானே படிக்கும். அந்நாளை விரைவில் வரச் செய்வது கற்றோர் அனைவர்க்கும் கடனாம்.